அண்ணி பெயருக்கு வந்த காகிதம்

அத்தியாயம் 14

சென்ற வாரம் நாம் விட்டுவந்த இடத்தில்தான் அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. சமையலறை அலமாரியில், காலி டப்பாக்களுக்குப் பின்னால், நாலாக மடித்து. மேலே அண்ணியின் பெயர், வயது நாற்பத்தெட்டு, அட்டை எண். கீழே இரண்டே வரி. கருப்பை வாயில் மாற்றம் தெரிகிறது. மேல் பரிசோதனைக்குத் தவறாமல் வரவும்.

பெயர் அண்ணியுடையதுதான். பரிசோதித்த உடம்பு அவளுடையது இல்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணியும் அவள் நாத்தனாரும் ஒரே லாண்டரியில் வேலை பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வெள்ளை விரிப்புகள் வந்து இறங்குகிற பெரிய லாண்டரி. அண்ணிக்குக் கறை நீக்கும் பிரிவு. எண்ணெயா, மையா, மருந்தா, ரத்தமா என்று மூன்றடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். அதனால் அங்கே அவளுக்குப் பெயரே ‘கறை டாக்டர்’.

நாத்தனாரை வீட்டிலும் வேலையிலும் சின்னவள் என்பார்கள். மடிப்பு மேசையில் நிற்கிறாள். வயது முப்பத்தொன்று. ஏழு வயதில் ஒரு மகள், போன இடம் தெரியாத ஒரு கணவன். அவன் போன மறுநாளே அண்ணனும் அண்ணியும் வந்து தாயையும் மகளையும் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் லாண்டரி வாசலில் ஒரு மருத்துவ வண்டி வந்து நின்றது. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு இலவசப் பரிசோதனை. ஆனால் நிரந்தரத் தொழிலாளர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். சின்னவள் தற்காலிகம், அட்டை கிடையாது. அண்ணிக்கு அட்டை இருந்தது, போக மனசு இல்லை. எனக்குக் கூச்சமாக இருக்கிறது, என் அட்டையோடு நீ போய்ப் படுத்துவிட்டு வந்துவிடேன் என்றாள்.

அந்த லாண்டரியில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஒருத்தி வர நேரமானால் இன்னொருத்தி அவள் அட்டையை மெஷினில் செருகி வருகை போட்டுவிடுவாள். அட்டை அங்கே சீப்பு மாதிரி, யார் கேட்டாலும் கைமாறும். வண்டியில் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். யார் முகத்தில் என்ன வயது எழுதியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. சின்னவள் படுத்தாள், எழுந்தாள், மேசைக்குத் திரும்பி வந்து பாக்கியிருந்த தலையணை உறைகளை மடித்தாள். அதோடு மறந்தும் போனாள்.

இப்போது மறக்க முடியவில்லை.

மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் பெண் டாக்டர் காகிதத்தில் வரச்சொல்லியிருந்த கிளினிக்குக்கு வருகிறார். அந்த நாள் இன்று. இன்றைக்கு விட்டால் அடுத்த மாதம். பெண்கள் இருவரும் போட்டு வைத்திருந்த திட்டம் எளிமையானது. சின்னவள் மறுபடியும் அண்ணி பெயரில் உள்ளே போவாள். அண்ணி துணைக்கு வந்தவள் மாதிரி வெளியே உட்கார்ந்திருப்பாள். வைத்தியம் நடந்தால் போதும், யார் பெயரில் நடந்தால் என்ன?

அண்ணனுக்கு மட்டும் விஷயம் தெரியாது. கூரியர்க்காரனிடமிருந்து காகிதத்தை வாங்கிப் படித்தவன் அவன்தான். பெண்டாட்டிக்குத்தான் நோய் என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

* * *

காலையில் கண் விழித்த அண்ணி முதலில் பார்த்தது, தலைமாட்டில் டீ தம்ளரோடு நின்ற புருஷனைத்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவன் அடுப்புப் பக்கம் போனது சிகரெட் பற்றவைக்க மட்டும்தான். டீயில் சர்க்கரை இல்லை. அண்ணி கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

தான் லீவு சொல்லிவிட்டதாக அவன் அறிவித்தான். லோடு வேனை முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறானாம். பத்தரைக்கு லாண்டரி வாசலுக்கே வந்து அழைத்துப் போவானாம். கிளினிக்கில் கூடவே இருப்பானாம். அண்ணி எதற்கு, வேண்டாம், பெண்கள் வருகிற இடம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள்.

“நீ சும்மா இரு. நான் இருக்கேன்ல, எதுக்குப் பயப்படறே?” என்றான் அவன்.

அவன் அப்படிப் பேசிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அண்ணிக்கே நினைவில்லை. அந்த ஆதரவுக்காக ஏங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அது வந்து நிற்கையில், திருடிய பொருளைக் கையில் வைத்திருப்பவள் மாதிரி அவளுக்கு உடம்பு கூசியது.

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அண்ணனும் வருகிறான் என்று காதில் விழுந்தது. அண்ணி பெயரைக் கூப்பிட்டதும் தங்கை எழுந்து போனால் அண்ணன் சும்மா இருப்பானா? எழுந்து போகாவிட்டால் தன் கதி என்ன? நான் இல்லாமல் போனால் இந்தப் பெண்ணுக்கு யார் தலை பின்னுவார்கள்? ஒரு வாரமாக அவளுக்குத் தூக்கமில்லாமல் அடித்த கேள்வி இதுதான். நினைத்தபடியே இழுத்துப் பின்னியதில் குழந்தை வலிக்கிறது என்று சிணுங்கியது. சின்னவள் பின்னலை அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

* * *

பத்து மணி வரை வேலை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். சின்னவள் அன்று மடித்த விரிப்புகளில் பாதிக்கு மூலை சேரவில்லை. பத்தடித்ததும் அண்ணியைக் கூப்பிடக் கறைப் பிரிவுக்கு ஓடினாள்.

அண்ணி அங்கே இல்லை. தொட்டி, பிரஷ், மருந்துப் புட்டிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பெஞ்சுக்கு அடியில், சுவரோரமாகத் தள்ளி வைத்த ஒரு நீல வாளி. அதன் மேல் ஒரு தட்டு மூடியிருந்தது.

வேலை செய்கிற இடத்தில் எதற்கு மூடி என்று தோன்றியதால்தான் சின்னவள் குனிந்து திறந்தாள். சூடாக்காத பச்சைத் தண்ணீர். அடியில் உப்பு கரையாமல் கிடந்தது. அண்ணி புதுப் பெண்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அதுதான்: ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் கூடாது, பச்சைத் தண்ணீரும் உப்பும்.

ஆனால் லாண்டரிக்கு வருவதெல்லாம் வெள்ளை. வாளியில் ஊறியது மஞ்சள் பூப்போட்ட துணி. வீட்டில் கிழிந்துபோன பழைய போர்வை. சின்னவளே தன் கையால் துண்டு துண்டாகக் கிழித்து, துடைக்க உதவுமே என்று அலமாரியில் வைத்தது. தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது.

அண்ணிக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அது நின்ற அன்று, விட்டது தொல்லை என்று இருவரும் சிரித்தது சின்னவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பின்னால் காலடி கேட்டது. அண்ணி கையில் துடைப்பத்தோடு நின்றாள். வாளியைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள். பொய் சொல்ல வாயெடுத்து, அப்படியே விட்டுவிட்டாள்.

“எத்தனை நாளா அண்ணி?”

“அஞ்சு மாசமா. தினம் இல்லே. வரும், நிக்கும்.”

“கூச்சம்னுதானே என்கிட்டே சொன்னீங்க?”

அண்ணி சலவை மூட்டை மேல் உட்கார்ந்தாள். சீக்கு இருப்பதாகத் தெரிந்தால் ஆஸ்பத்திரித் துணியில் கை வைக்க விடமாட்டார்கள், கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள் என்று குளியலறை வரிசையில் யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். அதுதான் பாதிக் காரணம். மீதியைச் சொல்லத்தான் அவளுக்கு நேரம் பிடித்தது.

“என் பேருக்கு நல்லபடியா ஒரு சீட்டு வேணும்னு இருந்துச்சுடி. ஒண்ணும் இல்லேன்னு எழுதி வந்தா, எனக்கு ஒண்ணும் இல்லேன்னே நானும் நெனச்சுக்கலாம்ல? உன்னோடது நல்ல உடம்புன்னுதான் உன்னை அனுப்பினேன்.”

சின்னவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வரவும் செய்தது. உண்மையைச் சொல்லாமல் தன் உடம்பை ஒருத்தி இரவல் வாங்கிப் போயிருக்கிறாள், அதுவும் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள. ஆனால் கோபம் தொண்டைக்கு வருவதற்குள் பயம் முந்திக்கொண்டது. இவளும் போய்விட்டால் என்ற பயம். தன் பெண்ணுக்குத் தலை பின்ன, தனக்குப் பின்னால் இருக்கிற ஒரே ஆள் இந்த அண்ணிதானே என்றுதான் அவள் இத்தனை நாள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு நீங்கதான் உள்ளே போகணும் என்று அவள் சொன்னாள். அண்ணி கேட்கவில்லை. இருப்பது ஒரே அட்டை, ஒரே நம்பர், வந்திருக்கிற முடிவு உன்னுடையது, நீ போகாவிட்டால் நான் இங்கேயே விழுந்து சாவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். வாசலில் வேனின் ஹாரன் இரண்டு முறை அடித்தது.

* * *

கிளினிக் ஹாலில் நாற்பது பெண்கள். அவர்கள் நடுவே ஒரே ஒரு ஆண்பிள்ளை நம் அண்ணன். கையில் அந்தக் காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, பெண்டாட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் சின்னவள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்த நர்ஸ் கதவருகே நின்று நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி அட்டைக்குக் கிடைத்த நம்பர் பத்தொன்பது. பதினாறு போயிற்று. பதினேழு போயிற்று. பதினெட்டுக்குப் போன பெண் அழுதுகொண்டே வெளியே வந்தாள். என்ன ஏது என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

“பத்தொன்பது.”

சின்னவள் எழுந்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

“நீ ஏன் எந்திரிக்கிறே? கூப்பிடறது உங்க அண்ணியை.”

“இல்லைங்க,” என்றாள் அண்ணி. குரல் ஹால் முழுவதும் கேட்டது. “அவளைத்தான் கூப்பிடறாங்க. அந்த முடிவு அவளோடது. என் அட்டையில நான்தான் அவளை அனுப்பி வெச்சேன். அவளை விடுங்க, உள்ளே போகட்டும்.”

அண்ணன் ஒரு கணம் ஒன்றும் புரியாமல் விழித்தான். பிறகு முகம் மாறியது. பெண்டாட்டிக்கு ஒன்றும் இல்லை என்ற நிம்மதியும், தங்கைக்கு இருக்கிறது என்ற இடியும் ஒன்றாக வந்து விழுந்ததில், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாய் கோணிக்கொண்டது. அந்த நிம்மதியைச் சின்னவள் பார்த்தாள். அதை உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் உடைத்தாள்.

“அண்ணிக்கு அஞ்சு மாசமா ரத்தம் போகுது அண்ணா. நின்னு ரெண்டு வருஷம் ஆனதுக்கப்புறம். இதை டாக்டர்கிட்டே சொல்லாம நான் இங்கேருந்து நகரமாட்டேன்.”

தனக்காக வாய் திறக்கத் தைரியமில்லாத இரண்டு பெண்கள், ஒருத்திக்காக இன்னொருத்தி பேசிவிட்டார்கள்.

அண்ணன் கத்துவான் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவன் கத்தவில்லை. மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“அஞ்சு மாசமா? ஒரே பாயிலதானே படுத்திருக்கேன்?” என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான்.

நர்ஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கார்டை மாத்திக்க இது என்ன பஸ் பாஸா, ஒருத்தி பெயரில் இன்னொருத்திக்கு வைத்தியம் பார்த்துவிட்டு நாளைக்கு நான் யாரைத் தேடுவது என்று பொரிந்து தள்ளினாள். திட்டி ஓய்ந்ததும் பேனாவை எடுத்து, பதிவேட்டில் பத்தொன்பதை அடித்து, 19அ, 19ஆ என்று இரண்டு வரி எழுதினாள். சின்னவளின் சொந்தப் பெயரையும் சொந்த வயதையும் கேட்டாள். அண்ணியிடம், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டாள். அண்ணி வேலை போய்விடும் என்ற பேச்சைச் சொன்னாள்.

“ரிசல்ட்டு உங்க கைக்கு மட்டும்தாம்மா வரும். கம்பெனிக்கு நாங்க அனுப்பறதே இல்லை. யாரு சொன்னா உங்களுக்கு?”

யார் சொன்னது என்று அண்ணி யோசித்துப் பார்த்தாள். குளியலறை வரிசையில் யாரோ. முகம்கூட நினைவில் இல்லை. அந்த முகமில்லாதவளின் பேச்சைக் கேட்டுத்தான் ஐந்து மாதத்தைத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள்.

முதலில் சின்னவள் போனாள். அரை மணி கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் எழுந்து நின்றான். வந்ததும் வராததுமாக அவள் அழ ஆரம்பித்ததில் அவனுக்கு உயிரே போய்விட்டது. அழுகைக்கு நடுவில்தான் விஷயம் துண்டு துண்டாக வந்தது. இது புற்றுநோய் இல்லையாம். கவனிக்காமல் விட்டால் வருஷக் கணக்கில் அதுவாக மாறலாமாம். கருவி வைத்துப் பார்த்து, அந்த இடத்தைக் குளிர வைத்து உறைய வைத்து, இப்போதே சரிசெய்துவிட்டார்களாம். சில நாள் நீர் போகும், பயப்பட வேண்டாம். சொன்ன தேதிக்குத் திரும்ப வந்து காட்டினால் போதும். இந்த நேரத்தில் கண்டுபிடித்தது உங்கள் அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

“அண்ணி அனுப்பலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது அண்ணா. எனக்கு அட்டையே கிடையாதே,” என்று சொல்லிக்கொண்டே, கட்டிக்கொள்வதற்காகத் திரும்பினாள்.

பெஞ்சில் அண்ணி இல்லை. 19ஆ உள்ளே போயாகிவிட்டது.

* * *

உள்ளே ஏறிப் படுக்கும்போதே அண்ணி பார்த்துவிட்டாள். மேசையில் விரித்திருந்த விரிப்பின் மூலையில் நீல நூலில் ஒரு சின்னக் குறி. அவர்கள் லாண்டரியின் குறி. இந்த விரிப்பு எத்தனை முறை அவள் கையில் புரண்டிருக்குமோ. தெரிந்தவர் வீட்டில் படுத்த மாதிரி அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

டாக்டர் வயதில் சின்னவர். நன்றாகப் பேசினார். எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, கறையில் எது கஷ்டம் என்றெல்லாம் கேட்டார். மருந்துக் கறைதான் கஷ்டம், ரத்தம் சுலபம், நேரத்தோடு கவனித்தால் தடம் தெரியாமல் போய்விடும் என்று அண்ணி கூரையைப் பார்த்தபடி பதில் சொன்னாள். டாக்டர் விளக்கை இழுத்து வைத்துக் குனிந்தார்.

அதற்குப் பிறகு டாக்டர் பேசவில்லை.

நர்ஸிடம் ஏதோ கருவி கேட்டார். கொஞ்சம் வலிக்கும், ஒரு சின்னத் துணுக்கு எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார். வலித்தது. நர்ஸ் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள், மறுபடியும் கொடுத்தாள், மறுபடியும் கொடுத்தாள். திட்டித் தீர்த்த அதே நர்ஸ் இப்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அண்ணிக்குப் பயமாக இருந்தது. திட்டினால் தேவலை போலிருந்தது.

இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, பழக்க தோஷத்தில் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. எத்தனையோ விரிப்புகளை அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள். யாருடையது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

டாக்டர் மேசைக்குப் போய் உட்கார்ந்து, ஒரு புதுக் காகிதத்தை எடுத்து, அண்ணியின் பெயரை எழுதினார். இந்த முறை பெயரும் அவளுடையது, உடம்பும் அவளுடையது. எழுதுவதைப் பாதியில் நிறுத்தி நிமிர்ந்தார்.

“வெளியில உங்ககூட யாரும்மா வந்திருக்காங்க?”

அண்ணி அந்தக் கேள்வியைக் காதில் வாங்கினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மேசையிலிருந்த விரிப்பை உருவி, கறை உள்பக்கம் போகும்படி மடித்து, நர்ஸிடம் நீட்டினாள்.

“இதைச் சுடுதண்ணியில போட்டுடாதீங்க. கறை நின்னுடும். பச்சைத் தண்ணியில ஊற வெச்சு அனுப்புங்க, நாளைக்கு நானே பாத்துக்கறேன்.”

நர்ஸ் அதை வாங்கிக்கொள்ளவில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அதே கேள்வியை இன்னொரு முறை, நிதானமாகக் கேட்டார்.